வேப்பெண்ணெய் வாடை

மகளுக்குக் கீழ்ப்பல் இரண்டும் வந்தபோது எனக்கு வலி தெரியவில்லை. பால் குடிக்கையில் குழந்தையின் நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொண்டுவிடும். ஒன்பதாம் மாதத்தில் மேல்பல் முளைத்தது. அதன் பிறகுதான் கடி ஆரம்பித்தது.

எப்போது கடிக்கிறாள் என்று கவனித்தேன். பசியோடு குடிக்கும்போது கடிக்க மாட்டாள். பசி அடங்கி, உறிஞ்சுவது நின்று, வாய் சும்மா பற்றிக்கொண்டிருக்கும் நேரம்தான் ஆபத்து. தாடை லேசாக இறுகும். கண்கள் என் முகத்துக்கு ஏறும். பிறகு பல் இறங்கும். தாடை இறுகும்போதே சுண்டுவிரலை அவள் வாயோரம் நுழைத்து விடுவித்துக்கொள்ளப் பழகினேன். பல முறை விரல் முந்தியது. சில முறை பல் முந்தியது. வலது பக்கம் காம்பின் அடியில் கீறி, காய்ந்து, மறுபடி கீறிப் புண்ணானது.

ஊரின் தங்கச் சுரங்கம் மூடப்படுவதற்கு முந்தைய ஆடி மாதம் அது. காற்று வீசினால் கழிவு மண் மேடுகளிலிருந்து சாம்பல் நிறத் தூசி கிளம்பி நாங்கள் இருந்த ராபர்ட்சன்பேட்டை வரை வரும். ஜன்னலைச் சாத்தினாலும் பாயில் நறநறக்கும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் துணி நனைத்து மார்பைத் துடைத்த பிறகே அவளை எடுப்பேன். தெருவில் இரண்டு பேர் நின்றால் சுரங்கத்தைப் பற்றித்தான் பேச்சு. இன்னும் எத்தனை மாதம் ஓடும், கையில் என்ன கொடுப்பார்கள், பெங்களூரில் வேலை கிடைக்குமா. என் கணவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அந்தத் தொழிற்சாலை மூடவில்லை. அதனால் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் தோழி என்று யாரும் இல்லை. கணவர் இருட்டோடு ஷிஃப்டுக்குப் போய், சாயங்காலம் வந்து, சாப்பிட்டுத் தூங்குவார். பகலில் என்னை ஒருவர் தேடுகிறார் என்றால் அது மகள் மட்டும்தான். பாலுக்காகத்தான் தேடினாள்.

அந்தப் பாலும் எளிதாக வந்ததில்லை. எடை குறைந்து பிறந்தவள். முதல் மாதம் எனக்குப் பால் போதாமல் பவுடர் பாலைப் பாலாடையில் புகட்டினோம். விடாமல் மார்பில் போட்டுப் போட்டுத்தான் சுரப்பு கூடியது. ஒரு வயது வரையாவது கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எண்ணம் இல்லை.

கணவரின் அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு பஜாரில் மளிகைக்கடை. மூன்று பிள்ளை பெற்றவர். தினமும் ஒரு நடை வந்துவிட்டுப் போவார்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்படி கீது?"

காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு மகளின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்.

"எலிக்குட்டி! பல்லு மொளச்சதும் ஆத்தாள கடிக்கிற. நாளைக்கு மாமியார இன்னா பண்ணுவ?"

மகள் சிரித்தாள்.

மறுநாள் கடையிலிருந்து சின்னக் குப்பியில் வேப்பெண்ணெய் கொண்டுவந்தார். அவர்கள் வீட்டில் எந்தப் புண்ணுக்கும் அதுதான். எனக்குத் தயக்கமாக இருந்தது.

"இதத் தடவித்தானேக்கா பால் மறக்கடிப்பாங்க?"

"அதுக்கு ரெண்டு பக்கமும் தடவணும்மா. நாம புண்ணு கீற பக்கம் மட்டும்தானே வெக்கறோம். அந்தப் பக்கம் நாலு நாள் லீவு வுடு, இந்தப் பக்கம் குடு. புள்ள இன்னா மோப்ப நாயா?"

சரியென்றுதான் பட்டது. காலையில் வலப்பக்கம் தடவி மேலே துணி வைத்தேன். எரிச்சல் உடனே அடங்கியது. மத்தியானம் அவள் தூங்கி எழுந்ததும் இடப்பக்கம் துடைத்துவிட்டு எடுத்தேன். வாயைத் திறந்துகொண்டு வந்தவள் பாதியில் நின்றாள். மூக்கு சுருங்கியது. முகத்தைத் திருப்பினாள். மறுபடி அணைத்தேன். இரண்டு கைகளாலும் என் நெஞ்சைத் தள்ளி அழுதாள்.

எண்ணெய் ஒரு பக்கம்தான் இருந்தது. வாடைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கிடையாது. ரவிக்கையில் இருந்தது, தோலில் இருந்தது, முந்தானையில் இருந்தது. சீயக்காயும் பயத்தமாவும் போட்டுக் குளித்தேன். பெட்டியிலிருந்து வேறு சேலை எடுத்துக் கட்டினேன். என் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. அவள் கிட்டே வரவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் வாடை நிச்சயமாகப் போயிருக்கும். ஆனால் நான் உட்கார்ந்து முந்தானையில் கை வைத்ததுமே அவள் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், தூக்கக் கலக்கத்தில் கொடுத்துப் பாருங்கள் என்றார். கொடுத்தேன். கண்ணை மூடியபடி இரண்டு வாய் உறிஞ்சினாள். விழித்தாள், துப்பினாள். இதற்குள் எனக்கு இரண்டு பக்கமும் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்திருந்தது. பிழிந்து டம்ளரில் எடுத்ததை அவள் தொடவில்லை. அக்கா பசும்பால் காய்ச்சிப் பாலாடையில் புகட்டினார். மடமடவென்று குடித்தாள்.

"குடிக்குது பாரேன்!" என்று சந்தோஷமாகத் திரும்பியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பாலாடையைக் கீழே வைத்துவிட்டு, "நல்லதுக்குன்னு நெனச்சிதாம்மா வெச்சேன்" என்றார்.

"தெரியும்க்கா."

இரண்டு நாள் கழித்து அவரே பஜாரிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிவந்தார். நெருக்கமாகக் கட்டிய சரம். மார்பில் மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றும். கதவைச் சாத்திவிட்டு, பூவை இரண்டு பக்கமும் பரப்பி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். பூ சில்லென்றிருந்தது.

சாயங்காலம் கணவர் உள்ளே நுழையும்போதே, "இன்னா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா? பூ வாசம் தெரு வரைக்கும் வருது" என்றார். என் தலையைப் பார்த்தார். தலையில் பூ இல்லை.

சொன்னேன். டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார். "சரி, இனிமே கடிக்காது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மகள் தவழ்ந்து வந்து என் மடியில் ஏறினாள். அத்தனை நாளில் தானாக ஏறியது அன்றுதான். ரவிக்கைக்கு மேலே துருத்தியிருந்த சரத்தைப் பிடித்து இழுத்தாள். ஒரு மொட்டு கையோடு வந்தது. அதை வாயில் போட்டு முன்பல்லால் கடித்தாள், முகம் கோணித் துப்பினாள். பிறகு மடியிலிருந்து இறங்கி, அப்பாவிடம் கையை நீட்டினாள்.