தாங்கியின் அடியில் இறுகிய தூள்

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியோரம், சுவர்ப் பெயின்ற் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் சில மாதம் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதுவரை எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. மழைக்கு முன் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். இந்த முறை நின்றுவிடுவதென்று நினைத்திருந்தேன். அதை ஒருவனிடம் மட்டும் சொன்னேன். என்னோடு ஒரே தாங்கியில் வேலை செய்த குறிஞ்சாக்கேணிக்காரன் அவன்.

பெயின்ற் கலக்கும் ஆளுயரத் தொட்டி அந்தத் தாங்கி. மோட்டரில் ஓடும் கலக்கியால் தண்ணீர் சுழன்று நடுவில் குழி விழுந்த பிறகுதான் சோக்குத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவோம். மொத்தமாகக் கொட்டினால் கட்டிபட்டு அடியில் குந்திவிடும். கரண்ட் நின்றாலும் தூள் படிந்து இறுகும். பிறகு கரண்ட் வந்தாலும் உடனே மோட்டரைப் போடக்கூடாது. கலக்கியைச் சங்கிலியால் மேலே தூக்கி, அடியைத் தடியால் குத்தி இளக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் போனது.

"மச்சான், இப்ப வராது. ரெண்டு பிளேன்ரீ வாங்கிட்டு வா. எனக்கு இஞ்சி போட்டு," என்றான் குறிஞ்சாக்கேணிக்காரன்.

நான் திரும்பியபோது வாசலிலேயே கருகல் மணம். கலக்கியின் தண்டு வளைந்திருந்தது.

"கரண்ட் வந்திட்டு. ஜும்மாவுக்கு நேரமாகுதெண்டு கலக்கியைத் தூக்காம மோட்டரைப் போட்டிட்டன் மச்சான்," என்றான். முகம் வெளிறியிருந்தது.

"பயப்பிடாத, ரெண்டு பேருமாச் சொல்லுவம்," என்றேன்.

முதலாளி வந்தார். நான் வாய் திறக்குமுன் அவன் என்னைக் காட்டினான்.

"இவன் மூட்டையை அப்பிடியே கவிழ்த்திட்டான் முதலாளி. நான் சொல்லச் சொல்லக் கேக்கல்ல."

"நான் இஞ்ச இருக்கவே இல்ல. தேத்தண்ணிக்குப் போனனான்," என்றேன்.

"ஓம், மோட்டர் எரியக்குள்ள தொரைக்குத் தேத்தண்ணி! அடியைத் துப்புரவாக்கிப்போட்டு இண்டைக்கே போ," என்றார் முதலாளி.

மேலே நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு இரும்பு அலவாங்கோடு உள்ளே இறங்கினேன். தூள் சீமெந்தாகக் கிடந்தது. நான் கொத்தி வாளியில் நிரப்ப, அதைக் கயிற்றில் மேலே இழுத்தவன் அவன்தான்.

"மச்சான், கோவமா?"

"வாளியை இழு."

"எனக்குப் புள்ளயள் ரெண்டு. நீ தனி ஆள். ஊர் ஊராப் போறது உனக்குப் பழக்கந்தானே."

நான் அடுத்த வாளியை நிரப்பினேன்.

"புல்மோட்டையில ஒரு மீன்வாடியில ஆள் எடுக்கிறாங்க. என்ட பேரைச் சொல்லு, சேர்த்துக்கொள்ளுவாங்க."

பின்னேர பஸ்ஸில் புல்மோட்டைக்குப் போனேன். வாடிக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இருக்கிற ஆக்களுக்கே இஞ்ச வேலை இல்ல. ஆரு உன்னை அனுப்பின?"

அவனுடைய பெயரைச் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பிடி ஒராளை எனக்குத் தெரியாதே தம்பி."