ஏழு வயதில் வீட்டு ஆம்பளை ஆனவன்

ஹைஸமுக்கு அந்தப் பதவி கிடைத்தபோது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. சவுதிக்கு வேலைக்குக் கிளம்பிய அப்பா ரிஃபாஅத், வேனில் பெட்டியை ஏற்றிவிட்டு மகனின் தலையில் கைவைத்து, "இனிமே நீதான்டா இந்த வீட்டு ஆம்பள. அம்மாவையும் அக்காவையும் பாத்துக்க" என்றார். எகிப்தில் அவர்கள் ஊரான ஸகாஸிக்கில் பாதித் தெருக்களில் அப்பாக்கள் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள். சொன்னவர்கள் மறந்துவிடுவார்கள். பையன்களும் மறந்துவிட்டுப் பந்தாடப் போய்விடுவார்கள். இந்த மடையன் மறக்கவில்லை.

படுக்கப் போகும்முன் கேஸை மூடியாச்சா என்று அம்மாவை அதட்ட ஆரம்பித்தான். அம்மா இன்ஸாஃபுக்குப் பெருமை தாங்கவில்லை. கோழி சமைத்தால் அப்பாவுக்குரிய தொடைத் துண்டு அவன் தட்டுக்குப் போனது. பத்து வயதில், தன்னைவிட ஐந்து வயது மூத்த அக்கா தஹானியின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டான். பதினேழு வயதில், அவளைப் பெண் கேட்டு வந்த முப்பது வயது ஆளை எதிரே உட்காரவைத்து, "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று விசாரித்தான். அந்த ஆள் மிரண்டுபோய் இல்லை என்று பொய் சொன்னான். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்று தெருவே மெச்சியது. தெருவுக்கென்ன, மெச்சுவதற்குக் காசா பணமா?

அப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மாத விடுப்பில் வருவார். விருந்துகள், துக்க வீடுகள், மாடி கட்டும் வேலை என்று அந்த மாதம் ஓடிவிடும். மற்றபடி போன்தான். "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கோம்பா." பத்தொன்பது வருடமும் இதே பேச்சு.

இருபத்து நான்காவது வயதில், வேலை பார்க்கும் மருந்துக் கடையில் நின்றவாறே அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு முட்டியது. சாகப் போகிறோம் என்றே நினைத்தான். இதய டாக்டர்கள் மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். மூன்றாமவர் மட்டும், "வீட்ட விட்டுக் கெளம்பினா, கேஸ மூடினோமான்னு எத்தன தடவ திரும்பிப் போய்ப் பாப்ப?" என்று கேட்டார்.

"அஞ்சு தடவ, டாக்டர்."

அவர் ஒரு மனநல டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஹைஸம் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தான். வீட்டில் மூச்சுவிடவில்லை. வீட்டு ஆம்பளைக்கு உடம்பு முடியாமல் போகலாமா?

விஷயம் தெரிந்தவள் நிஹால் ஒருத்திதான். பக்கத்துத் தெருக்காரி. கட்டினால் அவளைத்தான் என்றிருந்தான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்றதுக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு. மறைச்சுக் கட்டிக்க மாட்டேன்."

சொன்னால் பெண் கிடைக்காது என்பது ஹைஸமுக்கு நன்றாகவே தெரியும். மனநல டாக்டரிடம் போகிறவனுக்கு அந்த ஊரில் எவன் பெண் கொடுப்பான்?

இந்த நேரம் பார்த்து ரிஃபாஅத் ஆறு கம்பளிகளுடன் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். பெண் கேட்கிற இடத்தில் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது, அப்பாதான் பேச வேண்டும். ஆகவே, அன்று அக்காவின் மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்த வீரன், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் நிஹால் வீட்டு வரவேற்பறையில் ஊமையாக உட்கார்ந்தான்.

நிஹாலின் அப்பா ஹாஜி ஷவ்கி ஆரம்பித்தார். "பையனப் பத்திச் சொல்லுங்க."

"எம் பையனா? தங்கம்!" என்றார் ரிஃபாஅத். "மாம்பழ ஜூஸ்னா உயிர விட்டுடுவான். நாயக் கண்டா மட்டும் கொஞ்சம் பயம். வெக்கம் ஜாஸ்தி, யார் வந்தாலும் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவான்."

எல்லோரும் மீசை வைத்த அந்த இருபத்தாறு வயது ஆளைப் பார்த்தார்கள். இன்ஸாஃப் புருஷனின் தொடையைக் கிள்ளினாள்.

"என்ன? தப்பா சொல்லிட்டேனா?"

பாவம், அவரிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான்.

ஹாஜி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "நோய் நொடி ஏதாவது?"

"அதெல்லாம் கெடையாது! எப்ப போன் பண்ணாலும் நல்லா இருக்கோம்னுதான் சொல்லுவான்."

"அப்ப ஓதிடலாமா?"

எல்லோரும் கையேந்தினார்கள். ஹைஸமின் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது.

"இருங்க மாமா. எனக்கு நோய் இருக்கு." ஹைஸம் கையை இறக்கினான். "திடீர்னு நெஞ்சு படபடக்கும், மூச்சு நின்னுடும் போல இருக்கும். ரெண்டு வருஷமா மனநல டாக்டர்கிட்ட மாத்திர சாப்பிடறேன்."

ஏந்திய கைகள் அப்படியே நின்றன. ரிஃபாஅத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேடா!"

"எப்பப்பா சொல்றது? நல்லா இருக்கியான்னு கேட்டுட்டு, நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மாகிட்ட குடுன்னுவீங்க."

ரிஃபாஅத் மகன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் மகனின் முகத்தை அவர் உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஹாஜி ஷவ்கி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். எல்லாம் போச்சு என்று ஹைஸம் கிளம்பத் தயாரானான். ஹாஜி திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சமையலறையில் இருந்த பெண்களுக்குக் கேட்காத குரலில், "அந்த டாக்டர் பொம்பளப் புள்ளைங்களையும் பாப்பாரா?" என்றார்.

"பாப்பாரு மாமா. யாருக்கு?"

"நானும் குவைத்துல பதினாலு வருஷம் இருந்தவன்தான். திரும்பி வந்து மூணு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் நான் ரொட்டி வாங்கக் கீழ எறங்கினாக்கூட, வர்ற வரைக்கும் நிஹால் பால்கனியில நின்னு அழறாளாம். எதிர்வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."