கருக்கு வெட்டிய அரிவாள்கள்

வன்முறை என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பஞ்சாயத்து ரேடியோவில். குத்தாலம் பக்கம் கல்யாணமாகி வந்த புதிது. ஆட்சி மாறிவிட்டது, இனி நமக்கும் நல்ல காலம் என்று எங்கள் தெருவே பூரித்துக் கிடந்த சமயம். அந்தச் சொல் எங்கோ தூரத்து ஊருக்கு உரியது என்றுதான் நினைத்தேன். என் மாமனார் முதுகில் பண்ணையார் வீட்டுச் சாட்டை போட்ட தழும்பு இருந்தது. அதற்கு எங்கள் வீட்டில் பெயர் வேறு. "பண்ணை கண்டிச்சாரு" என்பார் அவர், ஏதோ காய்ச்சல் வந்துபோனதைச் சொல்வதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் தை மாதம் பண்ணையோடு கூலிப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. வெளியூர் ஆளை இறக்கப் போகிறார்கள் என்று தெரு கொதித்தது. மதகடியில் போலீஸ் வேன் வந்து நின்றது. அதைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் நடப்பேன்.

அறுப்புக்கு முன்னால் தெருவில் உள்ள கருக்கரிவாள்களை எல்லாம் ஒரே ஆள் சாக்கில் கட்டிக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோவது வழக்கம். மழுங்கிய பல்லைப் புதிதாக வெட்டி வாங்கி வர வேண்டும். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் முறை.

"இன்னைக்கே போவணுமா? வேன் நிக்கிதுங்க," என்றேன்.

"பேச்சு முடிஞ்சா விடிஞ்சதும் வயல்ல எறங்கணும் புள்ள. மழுங்கின அருவாளோட போய் நின்னா சிரிக்க மாட்டாங்க?"

ஊரே பற்றி எரிகிறது, இவருக்கு அறுப்பு சுத்தமாக இருக்க வேண்டும்! திட்டிக்கொண்டே, கூரை எரவாணத்தில் செருகியிருந்த எங்கள் அரிவாளையும் எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "ஒன் வூட்டுக்காரர மதகடியில புடிச்சிட்டாங்கடி!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பட்டறையிலிருந்து திரும்பிய சாக்கு அவிழ்ந்து கிடந்தது. அரிவாள்கள் வெயிலில் பளபளத்தன. பண்ணையின் வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் இன்ஸ்பெக்டரிடம் அவற்றைக் காட்டி, "பாருங்க சார், வன்முறைக்குத் தயார் பண்ணியிருக்கானுவ," என்றார். ரேடியோவில் கேட்ட சொல் என் புருஷன் தலையில் வந்து விழுந்தது.

"ஐயா, அறுப்பு அருவாங்க. ஒங்க வயல அறுக்கத்தாங்க," என்று காரியக்காரரைப் பார்த்துக் கும்பிட்டேன். வருஷா வருஷம் அந்தச் சாக்குக் கட்டைப் பார்க்கிறவர் அவர். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் பயமோ என்னவோ. இன்றுவரை அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

வேன் என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. உயிரோடு வருவாரா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோர் முகத்திலும் அந்தக் கேள்விதான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் வந்தார். தனியாக, நடந்தே வந்தார். சட்டையில் ஒரு கறை இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அடிச்சாங்களா?"

"இல்ல புள்ள. விசாரிச்சாங்க," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மாமனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோற்றைப் போட்டு வைத்தேன். வீட்டுக்காரர் வலது கையைத் தட்டுக்குக் கொண்டுவந்தார். விரல்கள் மடங்கவில்லை. அந்த அறுப்பு முடியும்வரை நான்தான் பிசைந்து ஊட்டினேன்.