லிஸ்ட்டில் அடித்த வரிகள்

1. முதல் நாள் சொன்னது

அஸ்தினாபுரத்தில் ஒரு மளிகைக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. படிப்பு பத்தாவது. வீடுகளிலிருந்து மாதச் சாமான் லிஸ்ட் வரும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்து, பையில் போட்டு, பக்கத்தில் டிக் அடித்து, பில்லுக்குத் தர வேண்டும். முன்பு துண்டுச் சீட்டில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக வருகிறது. வேலை அதேதான்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். முதல் நாள் அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "எழுதினத எடும்மா. எழுதாதத எடுக்காத. முடிஞ்சுது வேல."

இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆனது.

லிஸ்ட்டைப் பார்த்தாலே எந்த வீடு என்று சொல்லிவிடலாம். பல வீடுகளில் மேலே பிள்ளையார் சுழி இருக்கும், முதல் வரியில் மஞ்சள் இருக்கும். எங்கள் சபைக்காரர்கள் சிலர் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் அரிசி என்று எழுதுவார்கள். சிட்லபாக்கத்து ரிட்டயர்டு சார் ஒருவர் எல்லாவற்றையும் டைப் அடித்து, சீரகத்துக்குக்கூட வரிசை எண் போடுவார். ஒரு வீட்டில் சர்க்கரை பாதியாகி கோதுமை மாவு கூடினால், யாரோ டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பூண்டும் ஓமமும் கூடினால் பிள்ளை பிறந்திருக்கிறது. இப்படிப் பார்த்துப் பார்த்து, எல்லார் வீடும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டது.

2. விமலாவின் பை

விமலா பக்கத்துத் தெரு. இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் செல்வம் மறைமலை நகரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தார். "அவருக்கு வேலை நின்னுடுச்சுக்கா" என்று ஒரு நாள் கல்லா ஓரமாக நின்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த மாதம் லிஸ்ட் போட்டோ வந்தது. பாதி வரிகள் அடித்திருந்தன. துவரம்பருப்பு அடித்திருந்தது. மிளகு அடித்திருந்தது. காபித்தூள் வரியில் ஒரே அடித்தலும் திருத்தலுமாக இருந்தது. கடைசியில் பிஸ்கட் என்ற வரியிலும் கோடு.

எனக்கு மனசு கேட்கவில்லை. கர்த்தர்தான் இதை என் கண்ணில் காட்டுகிறார் என்று நினைத்தேன். அரை கிலோ துவரம்பருப்பும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் எடுத்து அவள் பையின் அடியில் வைத்தேன். அதற்கான காசை என் பர்ஸிலிருந்து கல்லாவில் போட்டேன். பில்லில் எழுதவில்லை. யாருக்கும் தெரியாமல் செய்த நல்ல காரியம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய் ஜெபம் செய்தேன்.

மறுநாள் காலை விமலா வந்தாள். பருப்பையும் பிஸ்கட்டையும் கவுண்ட்டர் மேல் வைத்தாள். பின்னால் செல்வம், ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார்.

"அக்கா, இது எப்படி வந்துச்சு எங்க பையில?"

நான் பிஸ்கட் பாக்கெட்டைத் தள்ளி வைத்தேன்.

"கடன் சொல்லி வாங்கியிருக்கேன்னு நினைச்சுக்கிட்டாருக்கா. நேத்துலேருந்து என்கிட்ட பேசல."

"பின்ன என்ன?" என்றார் செல்வம். "பில்லுல இல்ல, பையில இருக்கு. கேட்டா எனக்குத் தெரியாதுங்கறா. நான் எத நம்பறது?"

கை தவறி விழுந்துவிட்டது என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பொய் என் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் விமலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நான்தான் வச்சேன். லிஸ்ட்ட பாத்தேன், மனசு தாங்கல."

செல்வம் ஹெல்மெட்டைக் கழற்றினார். "எங்கள பாத்தா அப்படியாக்கா தெரியுது?" என்றார். சத்தமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால் தேவலை.

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"ஏம்மா, நான் என் கடையில ஒரு கறிவேப்பிலைக்கொத்து ஓசி குடுக்க யோசிக்கிறவன். நீ இங்க உக்காந்து தர்மம் பண்றியா?"

"காசு கல்லாவுல போட்டுட்டேன் அண்ணாச்சி."

"போட்டா சரியாப் போச்சா? சரக்கு என்னுது. காசு உன்னுது. லிஸ்ட்டு அவங்களுது. அதுல கை வைக்க நீ யாரு?"



விமலாதான் என்னைக் காப்பாற்றினாள். கைப்பையிலிருந்து அந்த லிஸ்ட் காகிதத்தையே எடுத்து விரித்தாள். போட்டோவில் எனக்குத் தெரியாதது அதில் தெரிந்தது. கோடுகள் எல்லாம் ஒரே பேனாவில் போட்டவை இல்லை.

"நீலம் நான், கறுப்பு அவரு. பருப்ப எதுக்கு அடிச்சோம்? ரேஷன்ல ஒரு கிலோ வாங்கிட்டோம், அதனால. மிளகு டப்பாவுல இன்னும் கீழ கெடக்கு. காபித்தூள அவரு அடிச்சாரு. நான் மறுபடி எழுதினேன். மறுபடியும் அடிச்சாரு."

"நாலு தடவ எழுதினா அக்கா" என்றார் செல்வம். முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்திருந்தது. "கடைசியில அம்பது கிராம்ல வந்து நின்னுச்சு."

பிஸ்கட் வரியில் இருந்த கோடு பென்சில் கோடு. வளைந்து வளைந்து போயிருந்தது.

"இது பெரியவ போட்டது. நாங்க சொல்லல. எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, நானும் ஒண்ணு அடிக்கிறேன்னு அவளே அடிச்சா. நேத்து பையில பிஸ்கட்ட பாத்ததும், 'நான்தான் அடிச்சேனேம்மா'ன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்லுவேன்?"

மறந்துபோனதோ முடியாமல் போனதோ அல்ல அந்தக் கோடுகள். ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தது. ஒரு குழந்தையின் கோட்டை நான் அழித்துவிட்டேன்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். விமலா என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதமும் லிஸ்ட் எங்கள் கடைக்கே அனுப்பினாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து பில் போடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து லிஸ்ட்டைப் படித்துக் காட்டுவேன். "ஏதாவது சேக்கணுமா, குறைக்கணுமா?" என்று ஒரு தடவை கேட்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, அந்த ஒரு கேள்வி போதும்.

3. எங்கள் லிஸ்ட்

பெயிண்டர் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மூன்று மாதம் வேலை இல்லை. என் சம்பளம் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய் வந்ததும் அவர் கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்தேன். மேலே சிலுவை போட்டு எழுத ஆரம்பித்தேன். அவர் கையிலும் ஒரு பேனா கொடுத்தேன். அவர் பீடி போன்றவற்றை என்றைக்கும் தொட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை கடலை மிட்டாய். அதை அவரே அடித்தார். எதையோ ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தார். நான் என் தலைக்குப் போடும் சீயக்காய்த் தூளை அடித்தேன்.

எங்கள் கடையில் வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டு லிஸ்ட்டைத் தாங்களே எடுக்கக் கூடாது. அண்ணாச்சியே வாங்கிக்கொண்டார். அடித்த வரிகளை அவரும் பார்த்தார். மற்ற லிஸ்ட்டைப் படிப்பது போலவே கடகடவென்று படித்தார்.

"சேக்கணுமா, குறைக்கணுமா?"

"இல்ல அண்ணாச்சி."

வீட்டில் பையைப் பிரித்தேன். என் வீட்டுக்காரர் லிஸ்ட்டைப் படித்தார், நான் எடுத்து வைத்தேன். கடைசி வரி உப்பு. அதையும் எடுத்தபின், அண்ணாச்சி ஏதாவது கூட வைத்திருப்பாரோ என்று பைக்குள் கைவிட்டுத் துழாவினேன். கவிழ்த்து உதறினேன். எங்கோ ஓட்டை விழுந்த பாக்கெட்டிலிருந்து நாலு கடுகு உருண்டது. வேறு எதுவும் இல்லை.

எழுதியது அப்படியே வந்திருந்தது, எங்கள் கோடுகளை யாரும் அழிக்கவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி, பையை மடித்து வைத்தேன்.