ஒரே கட்டளையில் அழித்த காலை

பாபநாசத்திலிருந்து ஏரல் வரை தாமிரபரணியில் வைத்திருக்கும் நீர்மட்டக் கருவிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளவு அனுப்பும். பாளையங்கோட்டையில் வெள்ள எச்சரிக்கை தரும் எங்கள் சின்ன அலுவலகத்து டேட்டாபேஸில் அது வரிவரியாக ஏறும். பல வருட வரிகள் சேர்ந்து, அவை அடுக்கியிருக்கும் டேபிள் பெருத்துப்போனதால், ஒரு கார்த்திகை மாதக் காலையில் பழையதை எல்லாம் ஒரே கட்டளையில் அழிக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அப்போது எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், ஏரலுக்குக் கீழே ஆற்றுப் படுகையில் ஆடு வளர்க்கும் அண்ணாச்சி ஒருவர் போன் செய்தார். மலையில் நல்ல மழை என்கிறார்களே, ஆடுகளை மேட்டுக்கு ஓட்டவா என்று கேட்டார். திரையைப் பார்த்தேன். மட்டம் ஏறவே இல்லை. கட்டியே கிடக்கட்டும், பயமில்லை என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் அளவுக்குப் பக்கத்தில் இருந்த நேரம் கண்ணில் பட்டது. முக்கால் மணி நேரத்துக்கு முந்தைய அளவு. நான் கொடுத்த கட்டளை டேபிளைப் பூட்டி வைத்திருந்ததால் புது அளவுகள் உள்ளே வர முடியாமல் காத்துக் கிடந்தன. அண்ணாச்சியைத் திரும்ப அழைத்தேன். மணி அடித்ததே தவிர எடுக்கவில்லை.

கட்டளையை நிறுத்தப் போன என்னைப் பக்கத்து நாற்காலி அக்கா தடுத்தார். பாதியில் நிறுத்தினால், அதுவரை அழித்ததை எல்லாம் திருப்பி வைத்த பிறகுதான் பூட்டு திறக்கும். போதாக்குறைக்கு, இதோடு பிணைந்த, அனுப்பிய எச்சரிக்கைகளைக் குறித்துவைக்கும் டேபிளுக்கு, வேண்டிய வரியைச் சட்டென்று தேடித்தரும் இண்டெக்ஸ் போட நான் மறந்திருந்தேன். ஒவ்வொரு வரியை அழிக்கும்போதும் அந்த டேபிள் முழுவதையும் அது துழாவிக்கொண்டிருந்தது.

"அழிக்கதப் பைய பாத்துக்கிடலாம். மொதல்ல வாரதுக்கு எடம் பண்ணு" என்றார் அக்கா.

காலியாக ஒரு புது டேபிள் உருவாக்கி, கருவிகளையும் திரையையும் அதன் பக்கம் திருப்பிவிட்டோம். காத்திருந்த வரிகள் மளமளவென்று ஏறின. ஆறு நாலடி உயர்ந்திருந்தது.

எத்தனையாவது தடவையோ, அண்ணாச்சி எடுத்தார். ஆடுகள் எல்லாம் மேட்டில் நிற்பதாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒங்க பேச்ச நம்பி நான் கடைக்குப் போயிட்டேன். எம் பொண்டாட்டிதான் ஆத்தப் பாத்துட்டு அவுத்து ஓட்டிட்டா" என்றார்.

மழை விட்டதும், வேண்டிய ஒரு வருட வரிகளை மட்டும் புது டேபிளுக்கு நகல் எடுத்து, பிணைப்பை அவிழ்த்து, பழைய டேபிளை அப்படியே தூக்கிப் போட்டோம். சில நிமிட வேலை. இப்போது எதையாவது அழிப்பதென்றால் முதலில் இண்டெக்ஸைப் பார்க்கிறேன். ஆயிரம் ஆயிரம் வரியாக, நடுவே புது அளவுகளுக்கு வழிவிட்டு அழிக்கிறேன். அதற்கும் முன்னால் ஏரலுக்கு ஒரு போன் போட்டு ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வேன். அண்ணாச்சி எடுத்தால், மதினியிடம் கொடுக்கச் சொல்லிவிடுவேன்.