அத்தை முதலில் வந்த ஞாயிறு

எங்கள் அத்தையைப் போல் சைக்கிள் ஓட்டுகிறவர் ஊரிகத்தில் யாருமில்லை என்பது பத்து வயதில் என் திடமான நம்பிக்கை. ஸ்டேஷன் மேட்டைச் சீட்டை விட்டு எழாமலே ஏறிவிடுவாள். வாரம் முழுக்கப் பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போய்வருகிறவளுக்குக் கால்களில் அவ்வளவு பலம். அந்த ரயில் சிநேகிதர்கள் சேர்ந்துதான் ஞாயிறு காலைகளில் காட்டுப்பாதையில் சைக்கிள் விட ஆரம்பித்தார்கள். மண் ரோட்டுக்கென்றே செய்த தடித்த டயர் சைக்கிள் ஒன்றை அத்தையும் வாங்கினாள்.

முப்பது தாண்டியும், வந்த வரன்களையெல்லாம் அத்தை தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் ஒருவன் இருக்கிறான், அதுவும் வேறு மதத்துப் பையன் என்று அப்பாவின் காதில் யாரோ போட்டுவைத்திருந்தார்கள். அதனால் தங்கைக்குத் துணையாக என்னையும் அனுப்பினார். நானோ என் சைக்கிள் திறமையைப் பார்த்துத்தான் அனுப்புகிறார் என்று தலைகால் புரியாமல் ஆடினேன்.

பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டடியில் கூடுவோம். தைலமரக் காட்டுக்குள் புகுந்து, ஜல்லியும் செம்மண்ணுமான பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ப் பேத்தமங்களா ஏரிக்கரையில் இறங்குவோம். பந்தயமெல்லாம் கிடையாது. யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். அதற்காகவே பம்பையும் பஞ்சர் சாமான்களையும் முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் எல்லாருக்கும் பின்னால் வருவார். அதிகம் பேசமாட்டார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பதால், அவர் நெற்றி விபூதி வியர்வையில் கரைவது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

என் மானம் போனது அந்தக் காட்டில்தான். ஸ்டேஷன் மேட்டையே ஊதித் தள்ளுகிற அத்தை, தைலமரங்களுக்குள் நுழைந்ததும் கடைசி ஆளாகிவிடுவாள். நான்கூட அவளை முந்திவிடுவேன். “நீ முன்னால போடி கண்ணு, நான் வந்துனே இருக்கேன்” என்பாள். நாங்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி தின்ற பிறகுதான் அத்தையும் பம்புக்காரரும் வந்து சேர்வார்கள். கடைசியில் வந்தோமே என்ற வெட்கம் கொஞ்சமாவது வேண்டுமே. முகம் அப்படி மலர்ந்திருக்கும்.

வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின்போது அப்பா மெதுவாகக் கேட்பார்.

“இன்னாமா, அத்த யார்கூட ஓட்டினு வந்துச்சு?”

என் அத்தையை நான் விட்டுக்கொடுப்பேனா? “யார்கூடயும் இல்லப்பா. அத்ததான் ஃபர்ஸ்ட்டு. ஒருத்தராலயும் புடிக்க முடியல” என்று கூசாமல் அளந்துவிடுவேன். அப்பா நிம்மதியாகச் சோற்றைப் பிசைவார். அத்தை என் தட்டில் கறி ஒரு துண்டு கூடுதலாகப் போடுவாள். மானத்தைக் காப்பாற்றியதற்குக் கூலி என்று நானும் வாங்கிக்கொள்வேன்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, பம்புக்காரரைக் காணோம். எங்களை அழைத்துப் போகிற பேங்க் அக்காதான் அன்று பம்பைத் தன் முதுகில் கட்டிக்கொண்டிருந்தார்.

“அவரு இனிமே வரமாட்டாருங்க. ஊட்ல பொண்ணு பாத்து நிச்சயம் பண்ணிட்டாங்களாம். நேத்து வந்து இத குடுத்துட்டுப் போனாரு.”

“அப்படியா” என்றாள் அத்தை. ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள்.

அன்று காட்டுக்குள் அவள் மிதித்த மிதி இருக்கிறதே! ஒவ்வொருவராகத் தாண்டினாள். சேற்றுக் குழி, கல் எதையும் பார்க்கவில்லை. “அத்தே, நில்லு!” என்று கத்தினேன். என்னை விட்டுவிட்டுப் போகிறாளே என்று ஒரு பக்கம் அழுகை, இத்தனை நாள் பதுங்கியிருந்த அத்தை எழுந்துவிட்டாள் என்று ஒரு பக்கம் பெருமை.

நாங்கள் போனபோது அவள் ஷூவோடு ஏரித் தண்ணீரில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். “அத்த ஃபர்ஸ்ட்டு! அத்த ஃபர்ஸ்ட்டு!” என்று கைதட்டிக் குதித்தேன். பேங்க் அக்கா என் கைகளைப் பிடித்து, “சும்மா இரு பாப்பா” என்றார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது அப்பா கேட்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. நானே ஆரம்பித்தேன். “இன்னிக்கு அத்ததான்பா ஃபர்ஸ்ட்டு. சத்தியமா!” அப்பா வழக்கம்போல் தலையாட்டினார். அத்தை தட்டிலிருந்து நிமிரவேயில்லை. எனக்குக் கறித்துண்டு போடவும் மறந்துவிட்டாள். உண்மையாகவே ஜெயித்த அன்று போய் இப்படி உம்மென்று இருக்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.