சேறு படாத தூக்குப் பாத்திரம்

வாலிப மிடுக்கில் நான் செய்த முதல் காரியம், சைக்கிளின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்ததுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்துப் பையன்கள் பலரும் அப்படித்தான் திரிந்தோம். மட்கார்டு இல்லாத வண்டி பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. வண்டி பறந்ததோ இல்லையோ, முதுகில் சேறு பறந்தது. கழற்றிப் போட்டதை அம்மா வீணாக்கவில்லை. கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்காலாகப் போட்டுவிட்டாள்.

அந்த ஐப்பசியில் அப்பாவைப் புத்தூர்ப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடலிறக்கம். ரத்தமும் குறைவு. உடம்பில் தெம்பு ஏறாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பாவோ அம்மா கையால் சமைத்த தளிகை தவிர வேறெதையும் தொடாதவர்.

ஆகவே வீட்டிலிருந்து சாதம் போக வேண்டும். பஸ்ஸில் கொண்டுபோனால் நாலு பேர் மேலே படும். பின் கேரியரில் வைத்தால், தோல் சீட்டுக்குப் பக்கத்திலா சாதம் என்றாள் அம்மா. அந்தத் தோலின் மேல் நான் உட்காரலாம், சாதம் அதன் பக்கத்தில்கூட இருக்கக்கூடாது. மடி ஆசாரத்தில் அவளுக்கென்று ஒரு தனிச் சட்டம். ஆகவே தூக்குப் பாத்திரத்தை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சிந்தாமணி தாண்டுவதற்குள், மூடியைச் சுற்றியிருந்த துணியெல்லாம் முன் சக்கரம் வாரி அடித்த சேறு. அப்பா அதைப் பார்த்தார். தொடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தனக்குப் போட்ட இலையை எடுத்துச் சுருட்டி வைத்தாள்.

"அவர் சாப்பிடாம நேக்கு இறங்காது."

அவ்வளவுதான். அன்று முழுவதும் தண்ணீர் மட்டும்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தேன். இரண்டு பேருடைய பட்டினியும் என் சைக்கிளின் தலையில் வந்து விடிந்திருந்தது.

மறுநாள் காலை, மொட்டைக் கோபுரத்துக்கு வெளியே இருந்த சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். புது இரும்பு மட்கார்டு இரண்டு, முன்பக்கம் ஒரு கேரியர், உடனே வேண்டும் என்றேன். கடைக்காரர் ஆற அமர டீ சொல்லி அனுப்பினார். முன் சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டைச் செருகி, அதன் கம்பிகளை அச்சில் மாட்டுவதற்குள், துறையூரில் அவர் மச்சான் நிலம் வாங்கிய கதை முழுவதையும் கேட்டு முடித்திருந்தேன். அதே அச்சில் கேரியரின் கால்களும் ஏற வேண்டும். ஏற்றிப் பார்த்தால், நட்டு பிடிக்க மரையே மிச்சமில்லை. நீளமான அச்சாகத் தேட வேண்டியதாயிற்று. பொறுக்கமாட்டாமல் ஸ்பானரைப் பிடுங்கி நானே முறுக்கினேன். நட்டு கோணலாக ஏறிக்கொண்டது. அதைக் கழற்ற இன்னும் கொஞ்ச நேரம். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்.

எல்லாம் மாட்டித் தட்டிப் பார்த்தால் கேரியர் மட்கார்டில் இடித்து லொடலொட என்றது. நடுவில் வைக்க, கடைக்காரர் ஒரு பழஞ்செருப்பின் வாரை நறுக்கப் போனார். நான் பாய்ந்து தடுத்தேன். மேலே வரப்போவது சாதம், தோல் கூடவே கூடாது என்றேன்.

"தோல் ஆகாதுன்னா, நீங்க உக்கார்ற சீட்டை என்னங்க பண்றது?"

இதற்குப் பதில் அம்மாவிடம் இருந்தது. அவரிடம் விளக்க எனக்கு நேரமில்லை. பழைய டியூபை நறுக்கி வைத்தார், சத்தம் அடங்கியது.

தளிகை முடிந்து, தூக்கைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினால், காவேரிப் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் வழிவிடாமல் வைக்கோல் வண்டிகள். சக்கரம் வாரிய சேறெல்லாம் மட்கார்டுக்குள்ளேயே வழிந்தது. துணியில் ஒரு பொட்டு இல்லை. ஆனால் நேரம் போய்விட்டது. அப்பா பசியோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க, கால் பெடலில் நிற்கவில்லை.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கன்னியாஸ்திரீ டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே போகும்வரை நான் நிலைப்படியிலேயே நின்றேன். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து சாப்பிடறேன். பசி தாங்கலை. அந்த அம்மா குடுத்தா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கே ஒருத்தி பச்சைத் தண்ணீரோடு கிடக்கிறாள். நான் நாய் படாத பாடு பட்டு வந்திருக்கிறேன். இங்கே ரொட்டி. அப்படியானால் நாளையிலிருந்து நான் வரவேண்டியதில்லை என்றேன்.

"வா. தெனமும் வா. நீ எடுத்துண்டு வரலேன்னா அவ அடுப்பு மூட்டமாட்டா. அடுப்பு மூட்டலேன்னா அவ சாப்பிடமாட்டா. நான் எப்படியோ பொழைச்சுப்பேன்."

பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, இன்றைக்கு இதில் இடமில்லை, நீ சாப்பிடு என்றார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சாத்தமுது என்று நாங்கள் சொல்லும் ரசம் சாதத்தைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். கோபம் இறங்கவில்லை, சாதம் இறங்கியது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். என்னைக் கேட்பதற்கு முன்பே கை வண்டிக்குப் போனது. கேரியரிலிருந்து தூக்கை எடுத்தாள். கனம் இல்லாததைக் கையில் உணர்ந்தும், மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்தாள்.

"நாளைக்கு இன்னும் ஒரு கரண்டி கூடப் போடறேன்."

உள்ளே போய் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாசலுக்கு வந்து, ஏற்கெனவே இறுகிக் கிடந்த கேரியர் நட்டுகளை மறுபடியும் இறுக்கினேன்.